காந்த அறைக்குப் போன இரண்டு பிள்ளைகள்

"...கல்யாண வீட்டுல படம் பிடிக்கவன் நகையப் போட்டுட்டு வான்னுல்லா சொல்லுவான். இவன் என்னடான்னா காதுல கெடக்கதக் கழட்டுங்கான், கையில கெடக்கதக் கழட்டுங்கான். இது என்ன படம்ளா, பாத்துமா?" என்று கேட்டாள் ஹாஜரா மாமி.

பாத்துமா என் உம்மா. உம்மா கைப்பையில் எதையோ தேடினாள். நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், பச்சைப் பெயின்ட் அடித்த நடையில், ஒரு நீள பெஞ்சில். மாமி தன் மகள் மைமூனின் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தாள். எனக்கும் மைமூனுக்கும் பதினாலு வயது. எண்பதுகளின் கடைசி. காந்தத்தை வைத்து மூளையைப் படம் எடுக்கிற மெஷின் அப்போதுதான் பம்பாய்க்கு வந்திருந்தது.

மாமி எங்களுக்குப் பக்கத்துக் கோலி, நடுவில் ஒரு தகரம்தான் சுவர். தாராவியில் கோலி என்றால் ஒற்றை அறை, அதுதான் முழு வீடு; கோலிகள் வரிசையாக இருந்தால் அது சால். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவை. இரண்டு வீட்டு ஆண்களும் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. மைமூனும் நானும் ஒரே வகுப்பு.

எனக்கு வலிப்பு உண்டு. அது மாமிக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காக எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒன்றரை வருடமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தோம். தெரிந்தால் என்ன ஆகும் என்பதை உம்மா விரல் மடக்கிச் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் தனியாக உட்காரவைப்பார்கள். தையல் வகுப்பில் மெஷினைத் தொடவிடமாட்டார்கள். நாளைக்குப் பெண் கேட்டு ஒருத்தரும் வரமாட்டார்கள். மைமூனை என்னோடு சேரவிடமாட்டார்கள். முதல் மூன்றும் உம்மாவின் பயம். நாலாவது என்னுடையது.

என் வலிப்பை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான். முதல் தடவை வந்தபோது எனக்குப் பன்னிரண்டரை வயது. விடிந்து எழுந்து பாயைச் சுருட்டினேன். கையிலிருந்த பாய் தானாக எகிறிப் போனது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் தரையில் கிடக்கிறேன், நாக்கு கடிபட்டு வாயெல்லாம் உப்புக் கரிக்கிறது, உம்மா என் வலது கையை இறுக்கி மூடிப் பிடித்திருக்கிறாள். கைக்குள் டிரங்குப் பெட்டியின் இரும்புச் சாவி. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும், இரும்பைக் கண்டால் அது விலகிப் போகும் என்பது எங்கள் ஆட்களிடம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே இருக்கிற நம்பிக்கை. சாவியின் பல் என் உள்ளங்கையில் பதிந்து இரண்டு நாள் கிடந்தது. வாப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். காலைச் செய்தி அந்தச் சாலுக்கே கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு இருபது நாளுக்கு ஒரு தடவை, ஒரு மாதத்துக்கு ஒரு தடவை, எப்போதும் விடிந்து எழுந்த அரை மணி நேரத்துக்குள். பகலில் வந்ததில்லை. அதனால்தான் மறைக்க முடிந்தது. விழுகிற சத்தம், சாவி தேடுகிற சத்தம், ரேடியோ. எங்கள் வீட்டு ஒழுங்கு அது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வாப்பா என்னைக் கூட்டிப் போனது நாலாவது தடவைக்குப் பிறகு. வெளிநோயாளிகள் கூடத்தில் நம்பர் எழுதிய தகரவில்லை ஒன்று கொடுப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு காலை ஏழு மணியிலிருந்து உட்கார வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "உனக்கு என்ன?" வாப்பா எனக்கு முன்னாலேயே முந்திக்கொண்டு, "தலைவலி" என்பார். ஒரு தடவை விக்ரோலியிலிருந்து வந்த ஓர் அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தலைவலிக்கு அந்த ஜன்னல். இது வலிப்புக்காரங்க ஜன்னல். எம்மவனுக்கும் அதான். சும்மா உக்காருங்கண்ணே" என்றார். வாப்பா சும்மா உட்கார்ந்தார்.

எங்களைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர், முப்பது வயது இருக்கும். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். நாங்கள் வைத்த பெயர் மாட்டுங்கா டாக்டரம்மா. எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார்.

"இது சாபமும் இல்லே, காத்து கருப்பும் இல்லே பாய். மூளைக்குள்ள எப்பவும் கொஞ்சம் கரண்ட் ஓடிண்டிருக்கும். இவளுக்குச் சில சமயம் அது தாறுமாறா ஓடறது. ரெண்டு நிமிஷம். அப்புறம் தானா அடங்கிடறது."

"கரண்ட் தாறுமாறா ஓடுறது எங்க சால்ல தெனமும் நடக்குதும்மா," என்றார் வாப்பா. "ஃபியூஸ் மாத்துனா சரியாயிரும்."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அந்த ஃபியூஸ்தான் மாத்திரை. ஒரு நாள்கூட விடாம போடணும்."

அந்தக் கரண்டை அளக்கிற பரிசோதனை ஒன்று உண்டு. தலையில் இருபது இடத்தில் பசை தடவி மெல்லிய கம்பிகளை ஒட்டுவார்கள். கண்ணை மூடு, திற, வேகமாக மூச்சு விடு என்பார்கள். ஒரு மெஷின் நீளமான காகிதத்தில் வரிவரியாகக் கோடு இழுத்துக்கொண்டே போகும். வலி கிடையாது. பசைதான் போகாது. உம்மா வெந்நீரும் சீயக்காயுமாக மூன்று நாள் தேய்த்தாள். மைமூன், "தலையில என்னட்டி, மைதா மாவா?" என்றாள். ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

முதல் மாத்திரையில் ஈறு வீங்கியது. அதை மாற்றிக் கொடுக்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வார்டில் சேர்த்தார்கள். ஒன்பது நாள். சாலில் எல்லோரிடமும் நான் வடாலாவில் மாமா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லப்பட்டது. வார்டு நாட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ரத்தம் எடுப்பார்கள். பத்து மணிக்குப் பெரிய டாக்டர் படையோடு வருவார், என் கட்டில் முன்னால் நின்று என்னைப் பற்றி என்னைத் தவிர மற்ற எல்லோரிடமும் பேசுவார். சாயங்காலம் வாப்பா பட்டறையிலிருந்து நேரே வருவார். அவர் கையில் தோல் வாடையும் பசை வாடையும் இருக்கும். பைக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற துணியில் மிச்சம் விழுந்ததை எடுத்து எனக்கு மாத்திரை வைக்க ஒரு சின்னப் பை தைத்துக் கொண்டுவந்தார். காலைக்கு ஓர் அறை, ராத்திரிக்கு ஓர் அறை, நடுவில் தையல். "மறந்தா பை காட்டிக்கொடுத்துரும்" என்றார். உம்மா என் கால்மாட்டில் தரையில் படுத்துக்கொண்டாள். படுக்கும்போது என் கட்டைவிரலில் தன் முந்தானை நுனியைக் கட்டிக்கொள்வாள். நான் அசைந்தால் அவளுக்குத் தெரிய வேண்டுமாம். ஒன்பது நாளும் அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மைமூன் கேட்டாள். "ஒம்பது நாள் வடாலாவுல என்னட்டி பண்ணுன? எனக்கு ஒரு ரிப்பன்கூட வாங்கிட்டு வரல."

அடுத்த மாதம் மருந்து வாங்கப் போனபோதுதான் டாக்டரம்மா புது மெஷினைப் பற்றிச் சொன்னார். வலிப்பு உள்ள பிள்ளைகளின் மூளையைக் காந்தப் படம் எடுத்து ஓர் ஆராய்ச்சி செய்கிறார். எக்ஸ்ரே போல அதில் கதிர் கிடையாது, ஊசி கிடையாது. பணம் வாங்கமாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். விருப்பமிருந்தால் வரலாம்.

"இவளோட படத்தை மட்டும் வச்சுண்டு நான் என்ன பண்றது? இந்த வயசுக்கு மூளை எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே இவளோடதுல என்ன வித்தியாசம்னு தெரியும்? அதனால ஒவ்வொரு குழந்தைக்கும் ஜோடியா, நோய் இல்லாத இன்னொரு குழந்தை வேணும். அதே வயசு, அதே இடம், அதே மாதிரி சாப்பாடு. என் அண்ணா பையன் செம்பூர்லேந்து வந்து படுத்துட்டுப் போனான். உனக்கு ஃப்ரெண்ட் யாராவது இருக்காளா?"

"மைமூன்," என்றேன்.

உம்மா என் தொடையில் கிள்ளியது அடுத்த நொடி. பெயர் வெளியே வந்துவிட்டது. டாக்டரம்மா எழுதிக்கொண்டுவிட்டார். எழுதிக்கொண்டே, "அவா வீட்ல விஷயத்தைச் சொல்லித்தான் கூட்டிண்டு வரணும்" என்றார்.

பிழை அதோடு நிற்கவில்லை. அன்று சாயங்காலமே மைமூனிடம் ஒரு டாக்டர் மூளையைப் படம் எடுக்கிறாராம் என்று சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவளுடைய அண்ணன் ஒருவன் அவளை மூளையில்லாதவள் என்றுதான் கூப்பிடுவான். "படத்தைக் கையில குடுப்பாவளா? அவன் மூஞ்சியில தூக்கிப் போடணும்" என்றாள். அப்புறம் அவளை யாரும் பிடித்து நிறுத்த முடியவில்லை.

உம்மா மாமியிடம் போய்ச் சொன்னது இது: "மாட்டுங்காவுல ஒரு டாக்டரம்மா, நல்லாருக்க புள்ளைய மூளையெல்லாம் படம் எடுத்துப் புஸ்தகம் எழுதுதாவளாம் மைனி. நம்ம ரெண்டு புள்ளையளையும் கேட்டாவ."

மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "நம்ம புள்ளைய மூளையவா? பம்பாயில வேற ஆள் கெடைக்கலையாமா?" என்றாள். பிறகு, "என்னைக்குப் போணும்?" என்றாள்.

இப்படித்தான் நாங்கள் அந்தக் கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்தோம்.

நடையின் அந்தக் கோடியில் வாப்பா டாக்டரம்மாவை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். வலிப்பு என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாமி முன்னால் சொல்லிவிட வேண்டாம். டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இல்லை என்கிற ஆட்டம். என்னைத் தாண்டி உள்ளே போகும்போது உம்மாவிடம் குனிந்து, "மறைச்சுக் கையெழுத்து வாங்க மாட்டேன். இவளை உள்ள அனுப்பிட்டு வரேன். அந்தப் பொண்ணும் மெஷினைப் பார்க்கட்டும். அதுக்கப்புறம் கையெழுத்து. அதுக்குள்ள நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நானே சொல்லுதேன்," என்றாள் உம்மா.

காந்தப் படம் எடுக்கப் போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுகிறேன். ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிவிடுவார்கள். சடையை அவிழ்க்கச் சொல்லுவார்கள், தலை ஒரு தொட்டிலில் பொருந்தி உட்கார வேண்டும் என்பதற்காக. முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒன்று வரும். பலகையோடு உன்னை ஒரு குழாய்க்குள் தள்ளுவார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருப்பார்கள். பயந்தால் அமுக்கு, நிறுத்திவிடுவோம் என்பார்கள். பிறகு சத்தம். நான் குர்லா வண்டியில் பாலம் தாண்டும்போது கேட்ட சத்தத்தை நினைத்துக்கொண்டேன். அசையக் கூடாது. மூக்கு அரிக்கும், கட்டாயம் அரிக்கும். எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நான் பந்தை அமுக்கவில்லை. உள்ளே கிடந்தபோது என் பயம் மெஷினைப் பற்றியதே அல்ல. உம்மா சொல்லியிருப்பாளா, இறங்கி வந்தால் பெஞ்சில் மைமூன் இருப்பாளா, இதுதான்.

படத்தில் என்ன தெரிந்தது என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இருபத்து மூன்று வயது வரை மாத்திரை சாப்பிட்டேன், டாக்டரம்மாவே நிறுத்தினார், அதற்குப் பிறகு இன்று வரை வரவில்லை.

என்னை இறக்கியபோது தலை சுற்றியது. அறைக்குள்ளேயே கதவோரம் ஒரு மர ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். கதவு திறந்தது. மைமூன் அங்கியோடு உள்ளே வந்தாள். எனக்கு உயிர் வந்தது. உம்மாவும் மாமியும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் இன்னும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"கிட்ட போய்ப் பாரு, பயப்படாதே," என்றார் டாக்டரம்மா.

மைமூன் குழாயின் வாயருகே போய் எட்டிப் பார்க்கக் குனிந்தாள். சிவப்பு ரிப்பன் கட்டின அவளுடைய ஒற்றைச் சடை முதுகிலிருந்து நழுவி முன்னால் விழுந்தது. விழுந்த சடை தொங்கவில்லை. நுனி மெல்ல எழும்பியது. பிறகு முழுச் சடையும் விறைத்து, நீட்டிய கை போல, மெஷினைப் பார்த்து நேராக நின்றது.

"உம்மா!" என்று கத்தினாள் மைமூன்.

"ருக்கோ! ருக்கோ!" என்று இந்தியில் நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டே மெஷின்காரர் பாய்ந்து வந்து அவளை இடுப்போடு பிடித்துப் பின்னால் இழுத்தார். நாலு அடி தள்ளி வந்ததும் சடை ஒன்றும் தெரியாதது போல முதுகில் விழுந்தது.

வெளியே பெஞ்சில் உட்காரவைத்து டாக்டரம்மா ரிப்பனை அவிழ்த்தார். சடைக்குள் முடியோடு முடியாக வைத்துப் பின்னி, கறுப்பு நூலால் சுற்றியிருந்தது ஒரு சின்ன இரும்புச் சாவி.

"இது எதுக்கு?" என்றார் டாக்டரம்மா. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

உம்மாவுக்குத் தெரிந்தது. ஒன்றரை வருடமாக அவள் கையில் பிடித்திருந்த பொருள் அது.

"எம்மவகிட்டருந்து ஒம்மவளக் காப்பாத்த இரும்பு வச்சுப் பின்னுனியளோ மைனி?" உம்மாவின் குரல் நடை முழுக்கக் கேட்டது. "எம்புள்ள என்ன பேயா? வலிப்பு வந்த புள்ளையப் பாத்தா இரும்பு கட்டிக்கிட்டுத்தான் வருவியளோ?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாப்பா தலையில் கை வைத்தார்.

"ஆமாளா. நாந்தான் வச்சேன்," என்றாள் மாமி. குரலை உயர்த்தவில்லை. "அவ படுத்த பலகையில எம்புள்ள படுக்கணும்லா? பயம் இல்லாம இருக்குமா?"

"அப்ப ஒங்களுக்கு..."

"தகரத்துக்கு அந்தப் பக்கம் நான் என்ன செவிடாவா கெடக்கேன்? மொத நாளே கேட்டுச்சு. புள்ள விழுது, நீ பொட்டியத் தொறக்க, அவுக ரேடியோவக் கூட்டுதாவ. கதவத் தட்டலாம்னு எந்திரிப்பேன். ரேடியோவக் கூட்டுதாவளே, நான் வர்றது இவுகளுக்குப் பிடிக்கல போலன்னு படுத்துக்கிடுவேன். இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு பாத்தேன். நீ எங்கிட்ட வந்து புஸ்தகம் எழுதுதாவன்னு சொல்லுத. சரின்னு கேட்டுக்கிட்டேன்."

"சால்ல யார்கிட்டயும்..."

"சொன்னா இந்நேரம் ஒன் காதுக்கு வந்துருக்காதா?"

உம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டரம்மா நடுவில் மண்டிபோட்டு உட்கார்ந்து மாமியிடம் பேசினார். வலிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. படுக்கையால் வராது, மூச்சால் வராது, தொட்டால் வராது. வலிப்பு வரும்போது கையில் இரும்பு கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை, ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மாமி முழுவதையும் கேட்டாள். "நீங்க படிச்சவுக, சொல்லுதிய. எனக்கு இருக்கது ஒத்தப் பொட்டப்புள்ள" என்றாள்.

"வேண்டாம்னா வேண்டாம். யாரும் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. இப்பவே வீட்டுக்குக் கூட்டிண்டு போகலாம்." டாக்டரம்மா மைமூன் பக்கம் திரும்பினார். "உன்னையும் கேக்கணும். உனக்கு என்ன தோணறது?"

மைமூன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஒனக்கு வலிப்பாட்டி?"

"ஆமா."

"அப்ப வடாலா?"

"போகல. இங்கதான் மேல படுத்துருந்தேன்."

"எங்கிட்டச் சொல்லிருந்தா நான் வந்து பாத்துருப்பேன்லா, பிசாசே," என்றாள். பிறகு டாக்டரம்மாவிடம், "நான் படுக்கேன். படத்தைக் கையில குடுப்பீங்கள்ல?" என்றாள்.

"ஒரு பிரதி உனக்குத்தான்."

இனி மாமி சொல்ல வேண்டும். எல்லோரும் அவளைப் பார்த்தோம். மெஷின்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூண்டுக்குள் முக்கால் மணி நேரம் கிடந்ததில் என் முடி பின்னால் சிக்குப் பிடித்து நின்றது.

"என்ன கோலத்துல உக்காந்துருக்கா பாரு. இங்க வாட்டி," என்றாள்.

நான் போனேன். தரையில், தன் முழங்காலுக்கு முன்னால் என்னை உட்காரவைத்தாள். பையிலிருந்து சீப்பை எடுத்து, நுனியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சிக்காக எடுத்தாள். அவசரப்படவில்லை. வகிடு எடுத்தாள், பின்னி முடித்தாள், மைமூனின் சிவப்பு ரிப்பனாலேயே கட்டினாள். என் முடி நாலைந்து இழை சீப்பின் பல்லில் சுற்றிக் கிடந்தது. மாமி அதை எடுத்துப் போடவில்லை. மைமூனைக் கூப்பிட்டு நான் இருந்த இடத்தில் உட்காரவைத்து, அதில் வேறு இரும்பு எதுவும் இல்லை என்று டாக்டரம்மா பார்க்கும்படி முடியை முழுக்க விரித்துவிட்டு, அதே சீப்பை அவள் உச்சந்தலையில் வைத்து வாரினாள்.